நெமேசியா வீட்டுப் பெரிய பானை

— உக்காரச் சொல்லாதே நெமேசியா. நான் பானைக்கு வந்தேன்.

— தெய்வமே! சத்துர்நீனா அக்கா, ஒரு வாய் தண்ணியாவது குடி. எம்மொகத்தப் பாத்துப் பேசுக்கா.

— உம்மொகத்துல என்ன இருக்கு? ஞாயித்துக்கிழமை எம்புள்ளை தெமேத்ரியோவுக்கு ஒன்பதாம் நாள் காரியம். மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்தெல்லாம் ஆள் வருது. வந்தவங்களுக்குச் சோளத்துச் சிச்சாக் கள்ளு ஊத்தாம அவனை எப்படி அனுப்பி வைக்கிறது? எங்கிட்ட இருக்கறது ரெண்டு சட்டி. நாலு ஈடா காய்ச்சி எடுத்தேன்.

— நாலு ஈடா! அத்தனையும் எதுல ஆற வச்சேக்கா?

— வாளியில, பால் கேன்ல, துணி துவைக்கிற தொட்டியில. அவனைக் குளிப்பாட்டின தொட்டியை மட்டும் தொடல.

— அய்யோ அக்கா…

— அழாதே, எனக்கு நேரமில்ல. அப்படியே விட்டா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா புளிக்கும். ஒண்ணு இனிச்சுக்கிட்டே கெடக்கும், ஒண்ணு காடியாப் போகும். எல்லாம் ஒரே பானையில விழுந்து ஒண்ணா நுரைக்கணும். அம்மாம்பெரிய பானை ஊர்ல உங்கிட்டதான் இருக்கு. காலியாத்தானே கெடக்கு?

— காலிதான். ஆனா பழசுக்கா, எம்மவன் எலோயோட ஞானஸ்நானத்துக்கு வாங்கினது…

— எனக்கே சொல்றியா? அவனைக் கையில ஏந்திக்கிட்டு நின்ன ஞானத்தாய் நான். இந்தப் பானையிலேருந்து முதல் கோப்பையை மண்ணுக்குப் படையலா ஊத்தினதும் நான்தான்.

— அவன் வேணும்னு செய்யலக்கா. தண்ணி முறைத் தகராறு. மடையைத் திறந்தது யாருன்னு வாய்ச்சண்டை, அப்புறம் கை மீறி…

— மண்வெட்டியால எம்புள்ளை பொடனியில. சரி விடு. எங்கே அவன்?

— சாந்தா குரூஸ் பக்கம் ஓடிட்டான். தெய்வத்து மேல சத்தியம்.

— வெளியே எங்கொழுந்தன்மார் நாலு பேரும் கயித்தோட நிக்கிறாங்க. பானை தூக்கன்னு சொன்னாங்க. அதுக்கு எதுக்குடா இம்மாம்நீளம்னு நான் கேக்கல.

— அக்கா!

— நகரு. தட்டிப் பாக்காம எந்தப் பானையில நான் ஊத்தியிருக்கேன்?

— தட்டாதே! உள்ள… உள்ள சோளம் கொட்டி வச்சிருக்கேன்.

— இப்பத்தானே காலின்னே.

— மறந்துட்டேங்க்கா. இந்த ஒரு வாரமா எனக்குப் புத்தியே சரியில்ல.

— காலிப் பானை மணியாட்டம் பேசும். விரிசல் விட்டது கரகரங்கும். சோளம் ரொம்பினது வாயே திறக்காது. இது ஒண்ணுலயும் சேரலையே நெமேசியா. நான் தட்டினா மூச்சை அடக்குது.

— உன் கால்ல விழறேன். எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான்.

— எனக்கும் ஒருத்தன்தான் இருந்தான். எந்திரி. மெதுவாப் பேசு. மூடி மேல எதுக்கு அவ்வளவு பெரிய கல்லு?

— யாராச்சும் திறந்துடுவாங்களோன்னு…

— அண்ணி! என்ன இன்னும் பேச்சு? பானை கிடைச்சுதா, இல்லையா? நாங்க உள்ளே வரட்டா?

— உங்கொழுந்தன் கூப்பிடறான். என்ன சொல்லப் போறேக்கா? தெய்வமே, என்ன சொல்லப் போறே?

— கேட்டுக்கோ. உள்ளே இருக்கறவனும் கேக்கட்டும். இன்னியோட நீ எனக்கு உறவில்ல. இந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன். நீயும் எம்புள்ளை குழிப்பக்கம் வராதே. ரொட்டி கொண்டு வராதே, மெழுகுவத்தி கொண்டு வராதே.

— அக்கா, கதவைத் தள்றாங்க!

— அங்கேயே நில்லுங்க தம்பி! கயித்தைச் சுருட்டுங்க, பானை அடியோட விரிசல். வாளியிலேயே காடியாப் போகட்டும், வாங்க வீட்டுக்கு.