47-ஆம் தட்டில் இருந்த போல்ட்

பதிவேட்டில் வேறு பெயர் இருந்தும் எல்லோராலும் ‘வாலு’ என்றே அழைக்கப்படும் நான், வயது 17, ஆலைக் குடியிருப்பு மூன்றாம் வரிசை கடைசி வீடு, யாரும் மிரட்டாமல் என் கையால் எழுதிக் கொடுப்பது:

நான் உலோகச் சோதனைக் கூடத்தில் பயிற்சி மாணவன். முதல் வாரம், மைக்ரோஸ்கோப் பார்க்கும் அக்கா, இழுத்து உடைத்த ஒரு கம்பியின் உடைந்த முகத்தைத் திரையில் காட்டினார். முழுக்கக் குட்டிக் குட்டிக் குழிகள். “தாங்காத பாரத்துல பிஞ்சா இப்படித்தான். பழைய விரிசல்னா குழி இருக்காது, வரி வரியா இருக்கும்” என்றார். “இரும்புக்கே கன்னத்துல குழி விழுதேக்கா, சிரிச்சுக்கிட்டே செத்திருக்கு” என்றேன். அக்காவும் சிரித்தார்.

அதன் பிறகு சென்ற மாதம் 9-ஆம் தேதி காலை, 47 என்று எண் மட்டும் எழுதிய தட்டில் ஒரு போல்ட் இரண்டு துண்டாக வந்தது. உடைந்த முகங்களை ஒன்றோடொன்று தொடவிடக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அக்கா கேமரா எடுக்கப் போன நேரத்தில் நான் இரண்டையும் பொருத்தி, திருகி அழுத்தி, முழு போல்ட் போல நிறுத்திவைத்தேன். அதன் பிறகு அக்கா வந்து, “முழுசா இருக்கறதை எதுக்குடா அனுப்பியிருக்காங்க?” என்று தூக்கினார். மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். “படுபாவி” என்றார்.

அதன் பிறகு திரையில் பார்த்தபோது முகம் நசுங்கி மழுங்கியிருந்தது. குழியும் இல்லை, வரியும் இல்லை. என் பயிற்சி போய்விடக் கூடாது என்று அக்கா, ‘வந்தபோதே தேய்ந்திருந்தது, காரணம் கூற இயலாது’ என்று எழுதினார்.

அதன் பிறகு 20-ஆம் தேதி, அந்த மாதத் தொடக்கத்தில் ஆலையில் கிரேன் பாரம் விழுந்து வெல்டர் இறந்த வழக்கில், கிரேன் ஃபிட்டரான என் அப்பாவைக் கைது செய்தார்கள். விரிசல் விட்ட பழைய போல்ட்டை மாற்றாமல் விட்டார் என்பது குற்றச்சாட்டு. சூப்பர்வைசர் இரண்டு மடங்கு பாரம் ஏற்றச் சொன்னார் என்கிறார் அப்பா. வக்கீல் காட்டிய சோதனை அறிக்கையில் எண் 47.

அதன் பிறகு, நடந்ததைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்க அக்கா வீட்டுக்குப் போனேன். “எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குடா” என்று கதவைச் சாத்திவிட்டார்.

அதன் பிறகு சிறையில் அப்பாவைப் பார்த்தேன். சட்டையில் ஒரு பட்டன் இல்லை. “நீ இருக்கற லேப்தானேடா? நல்ல போல்ட்தான்டா போட்டேன். அது எப்படி ஒண்ணுமே தெரியலைன்னு எழுதினாங்க?” என்று என்னிடம் கேட்டார். அங்கிருந்து நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மேலே உள்ளதைப் படித்துப் பார்த்த ஏட்டய்யா, “அப்பனைக் காப்பாத்தக் கதை நல்லாத்தான் கட்டுற” என்றார். இதுவரை நான் செய்ததிலும் சொன்னதிலும் விளையாட்டு இல்லாதது இது ஒன்றுதான். ‘வாலு’ என்று போடாமல் முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)