பலகையில் எழுதிய நுரை

காலை 8.10, திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் செல்லும் பேருந்து. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் ஒரு ஹோட்டலில் இனிப்பு செய்பவள்.

"ஹோட்டல் பலகையில சாக்லேட் மூஸை 'சாக்லேட் நுரை'ன்னா எழுதி வச்ச? ஏண்டி?"

"மூஸ்னா நுரைதாங்க்கா. இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுலேர்ந்து எடுத்துக்கிட்ட வார்த்தை. ஷேவிங் நுரைக்கும் பிரெஞ்சுல அதே பேருதான். அவங்க கூச்சப்படாம சாப்பிடுறாங்க."

"முதலாளி அழிக்கச் சொன்னா அழிச்சிட்டுப் போயேன். வேலை போயிடும்டி."

"ஆத்துல புதுத்தண்ணி நுரையோட வந்தா கும்பிடுறோம். கிண்ணத்துல வந்தா மட்டும் கேவலமா?"

போன் அடித்தது. முதலாளிதான்.

"வந்துக்கிட்டிருக்கேன் சார். நான் அழிக்க மாட்டேன், நீங்களே அழிச்சிடுங்க. மூஸ்னா என்னன்னு யாராவது கேட்டா என்ன சார் சொல்லுவீங்க?"