தியாகலிங்கம் கட்டின முதல் பாட்டு

ஓம் தம்பி, றேடியோவிலை பாடுற தியாகலிங்கம் எங்கடை மயிலிட்டிதான். முதல் பாட்டை எப்பிடிக் கட்டினவன் எண்டு கேக்கத்தானே வந்தனீங்கள்? சீ, அவன்ரை பேரைக் கேட்டாலே எனக்கு ஓங்காளிச்சுச் சத்தி வருது. இருங்கோ, வெத்திலையைத் துப்பிப்போட்டு வாறன்.

அவன் எங்கை கட்டினவன்? கூத்துக்காரருக்குப் பின்பாட்டுப் பாடித் திரிஞ்சவன். ஒரு புயல்காத்துக்கை என்ரை மனிசன் போன வள்ளம் திரும்பேல்லை. ஒரு கிழமைக்குப் பிறகு உடைஞ்ச பலகைதான் கரையொதுங்கிச்சுது. நான் மணலிலை விழுந்து குளறினன். உப்புத் தண்ணி குடிச்சீரோ என்ரை ராசா, உலையிலை சோறு குழையுதையா எண்டு வாயிலை வந்ததெல்லாம் சொல்லி. இவனும் பக்கத்திலை நிண்டவன். பாவம், இரங்கி நிக்கிறான் எண்டு நினைச்சன். நிண்டு பாடமாக்கியிருக்கிறான், நாசமாப் போவான்.

அடுத்த மாசமே அச்சுவேலியிலை ஒரு கோயில் திருவிழா. ஆர்மோனியம், டோலக்கு எல்லாம் வைச்சு, என்ரை குளறலைத் துள்ளல் மெட்டிலை பாடியிருக்கிறான். சனம் விசிலடிச்சு, திருப்பிப் பாடு எண்டு கத்தினதாம். அங்கை போனவள் ஒருத்தி வந்து சந்தோசப் புளுகத்தோடை சொல்லுறாள், உன்ரை மனிசன்ரை பாட்டு நல்லா எடுபட்டிட்டுது எண்டு. தூ!

பேந்து என்ன, மனிசன் வந்திட்டார். ஓம், உயிரோடைதான். மிஞ்சின பலகையிலை கிடந்தவரைக் காத்து அக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய், கோடிக்கரைச் சனம் காப்பாத்தி விட்டிருக்குது. ஊரே ஓடி வந்து கட்டிப்பிடிக்குது. தியாகலிங்கத்தின்ரை முகத்தைப் பாத்திருக்கோணும், செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி. அண்ணை, நான் பாடேக்கை முன்னுக்கு வந்து இராதையுங்கோ, சனம் சிரிக்கும் எண்டான். எங்கடை ஆளும் தலையை ஆட்டிச்சுது! அதோடை விட்டுதே? கிழிஞ்ச வலை பொத்தேக்கை அதைத்தான் தானும் பாடும். தான் செத்த பாட்டை! எத்தினை நாள் தின்ன மனமில்லாமல் எழும்பிப் போயிருக்கிறன்.

அவனுக்கென்ன, கொழும்புக்குப் போனான், மாலை விழுந்துது.

மனிசனோ? உள்ளை இல்லைத் தம்பி. போன மாசம் காய்ச்சலிலை மோசம் போயிட்டார். பிரேதத்தைக் கிடத்தியிருக்க, கிட்ட இருந்து ஒப்பாரி வைக்க வாயைத் திறந்தன். அவன்ரை பாட்டுத்தான் வந்துது. சுத்தியிருந்த பெண்டுகளும் அந்த மெட்டிலையே சேந்து பாடத் தொடங்கீட்டாளவை. ஒருத்தி தொடையிலை தாளமும் போட்டாள்.

வாயை மூடினனான். இன்னும் அழேல்லை.