இடுப்பு மாத்திரை

காப்பி போடுவதில் எனக்குக் கைப்பக்குவம் உண்டு ஐயா. பொண்டாட்டிக்குத் தன் கையால் காப்பி போட்டுக் கொடுக்கிற கங்காணி இந்த ஏலமலையிலேயே நான் ஒருத்தன்தான் என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் இருக்கிற பெண்கள் கேலி செய்வார்கள். குருவம்மாளுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. போடிக்கு இறங்கி டாக்டரைப் பார்த்தேன். இறுகின சதையைத் தளர்த்துகிற மாத்திரை எழுதிக் கொடுத்தார். நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னார். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒன்று, போட்டதும் படுத்துவிட வேண்டும். தலை கிறங்கும், கை கால் துவளும், மலைச்சரிவில் நடக்கவே கூடாது. சாராயம் தொடக் கூடாது. "இது உங்களுக்கு எழுதினது. இடுப்பு வலிங்கிறவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்துராதீங்க" என்றார். சொன்னபடியே நடந்தேன். காலையில் தலை தெளியும்வரை வாசல்படி தாண்ட மாட்டேன். பத்து நாளில் நிமிர்ந்துவிட்டேன், வாங்கின மாத்திரையில் பாதி மிச்சம்.

ஐப்பசியில் குருவம்மாளுக்கும் இடுப்பு வலி வந்தது. ஏலக்காய், செடியின் தூரில் தரையோடு காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும்.

"மாமா, இடுப்பு விட்டுப் போச்சு. சிலமலைக்குப் போயி ஆத்தா வீட்டுல நாலு நாள் படுத்துட்டு வர்றேன்" என்றாள்.

கேட்டது நியாயம்தான். ஆனால் கங்காணி வீட்டுக்காரி முதல் ஆளாகக் குனிந்தால்தான் மற்ற பெண்கள் குனிவார்கள். அவள் படுத்தால் மறுநாள் பத்துப் பேர் படுப்பார்கள். காய் செடியிலேயே பழுத்து வெடிக்கும், என் கங்காணி வேலை அதோடு போகும்.

அன்று ராத்திரி ஒரு மாத்திரை கொடுத்தேன். விடிந்தும் அவளுக்குத் தூக்கம் கலையவில்லை. "இந்தக் கருமம் வேண்டாம் மாமா, காலை எங்க வைக்கிறேன்னே தெரியலை" என்றாள். சரி என்றேன். மறுநாளிலிருந்து காலையில் பொடித்துக் கட்டங்காப்பியில் கலந்தேன். கசப்புத் தெரியாமலிருக்கக் கருப்பட்டி கூடுதலாகப் போட்டேன்.

"இடுப்பு வலி தானா விட்டுருச்சு மாமா. கிறக்கம்தான் போக மாட்டேங்குது" என்று சிரித்தாள். ஐந்து நாளும் முதல் ஆளாக நின்று காயெடுத்தாள். அவள் மேல் எனக்கு அவ்வளவு பாசம் வந்தது.

ஆறாம் நாள் எழுந்திருக்கும்போது முனகினாள். அன்று காப்பியில் இரண்டு மாத்திரை போட்டேன்.

மத்தியானம் பச்சைக்காய் மூட்டையைத் தலையில் வைத்து காய் உலர்த்துகிற ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் ஓடை, அதைத் தாண்ட ஒற்றை மரம் போட்டிருக்கும். அவள் மரத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

"கையும் காலும் சொன்னபடி கேக்கலை மாமா. செத்த நேரம் உக்காந்துட்டு வர்றேன்."

பின்னால் பன்னிரண்டு பெண்கள் மூட்டையோடு நின்றார்கள். டாக்டர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருந்தது ஐயா. "எல்லாரும் பாக்குறாக புள்ள, வெரசா போ" என்றேன். ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். நாலாவது எட்டில் முழங்கால் மடங்கியது. கீழே பாறை. கத்தக்கூட இல்லை.

மழைக்கு மரம் வழுக்கியது என்று அன்றைக்கு உங்கள் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். கூட வேலை செய்த மொக்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாகுற அன்னைக்கும் ஒங்கையால காப்பி குடிச்சுட்டுத்தான அண்ணே போனா" என்று அழுதாள். ஐந்து வருஷமாக அந்தப் பேச்சுதான் காதில் கேட்கிறது. இன்றைக்கும் அடுப்பைப் பற்றவைத்தால் கை தானாக இரண்டு டம்ளர் எடுக்கிறது. அவள் இல்லாமல் எனக்கு வீடும் இல்லை, ஒன்றும் இல்லை.

மரம் வழுக்கவில்லை ஐயா. நான்தான் அவளைக் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். அவள் வலியில்லாமல் இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ராத்திரி என்னை இங்கேயே வைப்பதானால், சாப்பிட்டதும் படுக்க ஒரு இடம் காட்டுங்கள். போன வாரம் மறுபடியும் இடுப்புப் பிடித்தது, அதே மாத்திரைதான் சட்டைப் பையில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு நான் ஒரு எட்டுக்கூட நடப்பதில்லை.