அம்பத்திரண்டு வயசுல ஞானஸ்நானம்

...அப்டி இன்னாம்மா நான் கொலையா பண்ணிட்டேன்? நீயே சொல்லு. அம்பத்திரண்டு வயசுல, கைக்கொயந்தைங்களோட முன் பெஞ்சுல குந்த வச்சுட்டாரு அந்த பாஸ்டரு. ஞானஸ்நானத்துக்கு மூணு கொயந்த, நாலாவது நானு! உன் புள்ளயாவது தூங்குது. நான் ராத்திரி பூரா தூங்கல.

ஜோதிகா தான உன் பேரு? விம்கோ நகருக்குப் புதுசா குடி வந்தீங்களே... ஆங். அதான் உனுக்கு வெவரம் தெர்ல. மத்தவங்க அத்தினி பேருக்கும் தெரியும். பின்னாடி திரும்பிப் பாரு... வாணாம் வாணாம், பாக்காத!

நான் டிரெய்லரு ஓட்றேன்மா, ஹார்பர்லேர்ந்து எண்ணூருக்கு. நாப்பதடி கண்டெய்னர ரிவர்ஸ்ல வுடுவேன், ஒரு கீறல் வுயாது. இந்த வாய மட்டும் எங்க நிறுத்தறதுன்னு தெர்ல.

எம் பொஞ்சாதி சுகிர்தம் தூத்துக்குடிக்காரங்க பொண்ணு. தேரடியாண்ட அவங்க மளிகக் கட. அங்க சோப்பு வாங்கி வாங்கியே லவ் ஆச்சு. ஒரு நாளிக்கி மூணு சோப்பு! ரிஜிஸ்டரு ஆபீஸ்ல கல்யாணம். ஆறு மாசம் கயிச்சு மாமனாரு சாப்ட கூப்ட்டாரு. கூப்ட்டு ஒரே கேள்வி, 'மாப்ள, ஞானஸ்நானம் எடுத்தாச்சா? நெசத்தச் சொல்லும்.' உள்ள மீன் கொயம்பு கொதிக்குது. 'ஆச்சு மாமா'ன்ட்டேன். நீலமேகமா இருந்த நான் சாலமோன் ஆனது அந்த ஒரு வார்த்தைல தான். அவரு சர்ச்சுல பெரிய ஆளு. அவரு மாப்ளயாண்ட எவன் சர்டிபிகேட்டு கேப்பான்?

அப்பால இருவத்திரண்டு வருசம்மா! மாசாமாசம் திருவிருந்துக்கு சுகிர்தம் பக்கத்துல முட்டி போட்டு கைய நீட்டுவேன். ஞானஸ்நானம் எடுக்காதவன் அத்த வாங்கக்கூடாது, தெரியும். அட்த்த மாசம் சொல்லிக்கலாம்னு வாங்கிப்பேன்... துளிக்கூண்டு அப்பம், மெல்லாமயே முயிங்கிடுவேன்.

சொம்மா கெடந்தேனா? சர்ச்சு கமிட்டி எலெக்ஷன்ல நின்னேன்! பாரத்துல ஞானஸ்நானத் தேதி கேட்டுக்கீறான். தொண்ணூத்தி நாலு, இதே சர்ச்சுன்னு எய்திட்டேன். பாஸ்டரு பாத்துட்டு, 'அண்ணே, இந்த சர்ச்சு கட்டினதே தொண்ணூத்தெட்டுல. வருஷம் மாத்தி எழுதிட்டீங்களா?'ன்றாரு. பேனாவ வேற நீட்றாரு, பாவம், நல்ல மன்சன். அடிச்சு எய்திட்டு வந்துருக்கலாம்ல? ஒரே ஒரு நம்பரு!

இந்தக் கலீஜு வாயி கீதே... இருவத்திரண்டு வருசம் கம்முனு இருந்துட்டு, அன்னிக்கிப் பாத்து தொறந்துக்கிச்சு. 'எடுக்கவே இல்ல பாஸ்டர்'னு அயுதுட்டேன். அவரு மேல இன்னா தப்பு? நானே தாம்மா போயி மாட்டிக்கினேன்.

வூட்டுக்குப் போயி சுகிர்தத்தாண்டயும் சொன்னேன். கத்துவான்னு பாத்தா கத்தல. 'எங்கப்பா சாவும்போது உங்க கையத்தான புடிச்சிக்கிட்டு ஜெபம் பண்ணச் சொன்னாங்க... அவங்ககிட்டயுமா சொல்லல?'ன்னா. அவ்ளோ தான். மூணு வாரமா சோறு வெக்கிறா, பேச்சு கெடையாது. இன்னிக்கி வரவே மாட்டேன்னுட்டா. பெரியவங்களுக்கு சாட்சியா ஒரு ஆளு பக்கத்துல நிக்கணுமாம். எனக்கு யாரும்மா நிப்பா?

தோ, உன் புள்ளயத் தான் கூப்ட்றாரு. போம்மா, போ போ. பைய நான் பாத்துக்கிறேன்.

...யாரது? இங்க குந்தாதீங்க, இது கொயந்தக்காரங்க எடம்...

சுகிர்தமா?

...எப்ப வந்த? ...சாட்சிக்கா?

...சரி. நீ ஒண்ணியும் பேச வாணாம். பக்கத்துல நில்லு, போதும்.