அம்மாவைப் பிரிக்க முடியாது

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் மதியம் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் அண்ணன் தம்பி இருவர். தம்பியின் கையில் கழுவித் துடைத்த பால்மா டின் ஒன்று இருந்தது.

“அம்மாவைப் பாதியாத் தரமாட்டினமாம், அண்ணை.”

“இந்த டின்னோடையோ போய்க் கேட்டனி?”

“ஓம். பாதி ஊருக்கு, பாதி இஞ்சைக்கு எண்டு சொன்னன். சாம்பலும் உடம்பு மாதிரித்தானாம். பிரிச்சால் சட்டப்படி குற்றம் எண்டு எரிச்ச இடத்திலை இருக்கிற மனுசி சொல்லுது.”

“நல்லகாலம், உன்னை மறியலுக்கு அனுப்பேல்லை.”

தம்பி சிரிக்காததைக் கண்டு அண்ணன் குரலைத் தணித்தார்.

“அப்ப முழுசையும் நான் ஊருக்கு, கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோறன். அம்மா கேட்டதும் அதுதானே.”

“தாய்க்குக் கடைசிப் பிள்ளையெல்லே கரைக்கவேணும். அகதி அட்டையோட நான் எப்பிடி ஊருக்கு வாறது? ஒரு பிடியெண்டாலும் இஞ்சை கரைச்சால் எனக்குப் போதும்.”

அண்ணன் டின்னை வாங்கித் தன் பைக்குள் வைத்தார். எனக்கும் இரண்டு பிள்ளைகள். அவர் என்ன சொல்வாரோ என்ற பதைப்புடன் நின்றேன்.

“இஞ்சத்தைக் கடலிலை முழுசாக் கரைக்க விடுவினமோ?”

“விடுவினமாம். கரையிலையிருந்து தள்ளிப் போகவேணுமாம்.”

“அப்ப இஞ்சையே கரைப்பம். நீ கரை. நான் பக்கத்திலை நிக்கிறன்.”

“கீரிமலை, அண்ணை?”

“அங்கை நீ நிக்கமாட்டாய்.”

தம்பி வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தார். பிறகு, “இந்தக் கடல் சரியான குளிர். அம்மாவுக்கு ஒத்துவராது,” என்றார்.

“எரிச்ச இடத்திலை ஒரு வருசம் வைச்சிருப்பினம். வெயில் காலம், யூலையிலை போவம்.”