ஐசியூ சிங்க்

மட்டாஞ்சேரியிலிருந்து கிளம்பிய படகில் எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும். அக்கா ஐசியூவில் ஹெட் நர்ஸ் என்று கழுத்தில் தொங்கிய அட்டை சொன்னது. தங்கைக்குக் களமசேரியில் ஏதோ லேபில் வேலை. அவள் போட்ட சத்தத்தில் பாதிப் படகு திரும்பிப் பார்த்தது. நான் மட்டும் என்ன செய்ய?

“அக்கா, உன் கை மேல குத்தம் இல்லை!”

“மெதுவா சொல்லேன்டி.”

“உங்க ஐசியூல எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி மூணு பேருக்கு வந்துதில்லையா? மூணு பேர்கிட்ட எடுத்த கிருமியோட ஜீனோமையும், அதான் மரபணு எழுத்து முழுசையும், படிச்சுப் பாத்தோம். கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து ஒண்ணாக்கும்.”

“அந்த மூணு பேரும் வேற வேற மாசத்துல வந்தவங்க, ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்ட வழியில்லை. அதனாலதானே நர்ஸுங்க கை கழுவறதில்லைன்னு எங்களைத் திட்டினாங்க!”

“நாலாவதா ஒண்ணும் பொருந்திடுச்சு. நீங்க கை கழுவற சிங்க்கோட ஓட்டையில எடுத்தது. தண்ணி விழும்போது அங்கேருந்துதான் கிருமி தெறிச்சிருக்கு.”

அக்கா கைதட்டியே விட்டாள். “பாத்தியா, நாங்க கழுவினோம்!”

“சரி, அந்த சிங்க்ல வேற என்ன ஊத்துவீங்க?”

“வேறென்ன, ட்ரிப்ல மிச்சமாகற ஆன்டிபயாட்டிக்...”

“அதைத் தினம் கொஞ்சம் குடிச்சுக் குடிச்சுத்தான் கிருமிக்கு மருந்து பழகிடுச்சு, அக்கா.”

அக்கா போனை எடுத்து, டூட்டியில் இருந்த சின்ன நர்ஸைக் கூப்பிட்டாள்.

“மோளே, நம்ம சிங்க்கை மூடி டேப் ஒட்டு. ஒரு சொட்டு மருந்து அதுல விழக் கூடாது. ஆமா, அதுல ஊத்தச் சொன்னது நான்தான். அதையும் எல்லார்கிட்டயும் சொல்லு.”